வார்டு பெட்ஷீட்டுகளை இரவு பத்தரைக்குப் பிறகு காயப்போடுங்கள்

ஆஸ்பத்திரி ட்ரையரை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை போடாதீர்கள். இலங்கையின் நேரத்துக்கேற்ற மின் கட்டணத்தில் அப்போதுதான் யூனிட் விலை உச்சம், 10.30க்குப் பிறகு காலை 5.30 வரை மிகக் குறைவு. நுவரெலியாக் குளிரில், மழை மாதங்களில், கொடியில் தொங்கும் பெட்ஷீட் இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். ட்ரையர் இல்லாமல் சரிவராது. அப்புறம், ட்ரையரும் கீசரும் ஓட்டோகிளேவும் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) ஒன்றாக ஓடக்கூடாது. பெரிய இணைப்புகளுக்கு மாதத்தின் உச்ச கேவிஏக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமைக்கும், தனிக் கட்டணம் உண்டு; பில்லில் பலர் கவனிக்காத இடம் அது.

பில்லில் யூனிட்டுகள் பகல், உச்சம், இரவு என்று பிரிந்திருக்கிறதா பாருங்கள். அப்படிப் பிரிந்திருக்கவில்லையென்றால், தோட்டங்களிலுள்ள சின்ன டிஸ்பென்சரிகளுக்கு (மருந்தகங்களுக்கு) நேரம் மாற்றி லாபமில்லை. சத்திரசிகிச்சைக் கருவிகளை மட்டும் இதற்காகக் காக்கவைக்காதீர்கள்.