செய்மதி அளக்கும் எரிமலை வாயு: உயரத்தை மறப்பதால் நேரும் தவறுகள்

தூரத்து எரிமலை ஒன்று வெடித்ததும், அது உமிழும் கந்தகவீரொட்சைட்டு (SO₂) வாயுவைக் காட்டும், செய்மதித் தரவிலிருந்து பெற்ற வரைபடங்கள் கொழும்பிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகின்றன. 2017 ஒக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செய்மதியிலுள்ள ட்ரொபோமி கருவியின் தரவை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம் என்பதால், பல்கலைக்கழக மாணவர்களும் அதைத் தம் ஆய்வுகளுக்கு எடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் செய்யும் பிழைகளுள் முதன்மையானது, வாயு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேளாமலே தரவிலுள்ள மதிப்பை எடுத்துக்கொள்வது.

கருவி வாயுவை நேரடியாக எடை போடுவதில்லை. பூமியிலிருந்து திரும்பும் கழியூதா ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதையே அது பதிவு செய்கிறது. வளிமண்டலத்தின் தாழ்ந்த படைகளை எட்டித் திரும்பும் கழியூதா ஒளி குறைவு. எனவே வாயு தாழ்வில் இருப்பதாகக் கொண்டால் அதே உறிஞ்சலுக்குப் பல மடங்கு அதிகமான அளவு விடையாக வரும். இதனால்தான் தரவுக் கோப்பில் 1, 7, 15 கிலோமீற்றர் ஆகிய உயரங்களுக்கு வெவ்வேறு மதிப்புகள் தரப்பட்டுள்ளன. எதை எடுத்தோம் என்று குறிப்பிடாமல் எழுதப்படும் தொன் கணக்கு, என் கருத்தில், அறிக்கையில் இடம்பெறவே கூடாது.

உயரம் பிழைத்தால் திசையும் பிழைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்பின் மேல் 2 கிலோமீற்றர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து வீச, 15 கிலோமீற்றர் உயரத்திலோ அது கிழக்கிலிருந்து பலமாக வீசுகிறது. அப்போது நகரின் மேல் தென்படும் ஒரே வாயுத் திட்டு, தாழ்வில் இருப்பின் அரபிக் கடல் பக்கமிருந்தும், உயரத்தில் இருப்பின் சுமாத்திராப் பக்கமிருந்தும் வந்ததாகிவிடும். வாயுவின் அளவைக் காற்றின் வேகத்தால் பெருக்கி நாளொன்றுக்கு இத்தனை தொன் என வெளியேற்ற வீதம் கணிப்போருக்கும் இதே ஆபத்து உண்டு.

இரண்டாவது தவறு, எதிர்க்குறி மதிப்புகளைக் குப்பையெனக் கருதி நீக்குவது. வாயுவே இல்லாத கடற்பரப்பில் கருவியின் இரைச்சல் பூச்சியத்துக்கு இருபுறமும் சிதறும்; ஒரு புறத்தை வெட்டினால் சராசரி மேலே ஏறும். தரைக்கு மேலுள்ள வாயுவின் மொத்த அளவைக் குறிக்கும் டொப்சன் அலகில், ஓர் அலகு கந்தகவீரொட்சைட்டு என்பது சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 28.5 கிலோகிராம். செய்மதிக்கு நேர் கீழுள்ள பிக்சல் 3.5 க்கு 5.5 கிலோமீற்றர், அதாவது கொழும்பு மாநகர சபை எல்லையில் ஏறக்குறையப் பாதி. வெட்டியதால் சராசரி 0.2 அலகு மட்டுமே உயர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும், காலிக்குத் தெற்கேயுள்ள வெறுங்கடலில் 1000 பிக்சல்களுக்கு ஏறத்தாழ 110 தொன் வாயு கணக்கில் முளைத்துவிடும். வரைபடத்தில் எதிர்க்குறி மதிப்புகளை மறைப்பதில் தவறில்லை. கூட்டும்போது மறைக்கக் கூடாது.

முகில் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அடர்ந்த முகிலுக்குக் கீழுள்ள வாயு தெரியாது, மேலுள்ளது மிகைப்படலாம். சென்டினல்-5பி நண்பகல் கடந்து 1.30 மணியளவில் கடப்பதால், அந்நேரத்து வெப்பமண்டல முகில்களை நாம் தவிர்க்க இயலாது. கோப்பிலுள்ள நேரம் சர்வதேச நேரம் என்பதையும் மறந்து, ஐந்தரை மணித்தியாலம் தவறிய காற்றுத் தரவோடு அதைப் பொருத்துவோர் உண்டு.

கந்தகவீரொட்சைட்டைச் சாம்பலாக எண்ணுவதும் பிழையே. இரண்டும் வெவ்வேறு உயரங்களுக்குப் பிரிந்து வெவ்வேறு திசைகளில் செல்லக்கூடும். விமானங்களின் இயந்திரத்தை உடனடியாகச் சேதப்படுத்துவது சாம்பல். வாயுவின் அளவைக் கொண்டு வெடிப்பின் பருமனை ஊகிப்பதும் அவ்வாறே. 1991 இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி தொன் கந்தகவீரொட்சைட்டை உமிழ்ந்தது. 2022 ஜனவரியில் 50 கிலோமீற்றருக்கும் மேலே புகைமண்டலம் எழுப்பிய, பசிபிக் தீவு நாடான தொங்காவின் எரிமலை வெடிப்பிலோ அது சுமார் 4 இலட்சம் தொன் மட்டுமே. அங்கே மேலே சென்றதில் பெரும்பங்கு நீராவி.

இறுதியாக, நம் பக்கத்து வானில் தெரியும் ஒவ்வொரு திட்டும் எரிமலையினது அன்று. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின் நிலையங்கள் செய்மதித் தரவில் இவ்வாயுவின் நிலையான மூலமாகவே பதிவாகின்றன. எரிமலையைத் தேடுமுன் அதற்கு முந்தைய வாரங்களின் சராசரியை எடுத்து இவற்றைக் கழிக்க வேண்டும்.