பஜனையில் பாடவும் ஆர்மோனியம் வாசிக்கவும்: எங்கே தொடங்குவது?

ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் பஜனை. சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) மறந்துபோய்க் கெட்ட கோஷ்டிகள் குறைவு. சுருதி (பாட்டுக்கு அடிப்படையான ஒலி உயரம்) ஒட்டாமலும் தாளம் ஓடியும் கெட்டவையே அதிகம். எனவே பாட்டு நோட்டை நிரப்புவதைச் சில மாதம் தள்ளிப்போட்டு, கீழே உள்ள வரிசையில் தொடங்குங்கள்.

சுருதியைக் கண்டுபிடிப்பது

ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு உள்ள கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளைதான் 1 கட்டை. அங்கிருந்து வெள்ளைகளை வரிசையாக 7 வரை எண்ணலாம். இடையில் வரும் கறுப்புகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. எந்தக் கட்டையை ஷட்ஜமாக (ஸ) வைக்கிறோமோ அதன் எண்ணே சுருதியின் பெயர்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை, பெண்களுக்கு 5 முதல் 6 கட்டை சரியாக வரும். உங்களுடையது எது என்பதைப் பாடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸரிகமபதநி என்ற ஏழு ஸ்வரங்களில் க காந்தாரம், ம மத்திமம், ப பஞ்சமம்; மந்தரம் கீழ் ஸ்தாயி, மத்தியம் நடு ஸ்தாயி, தாரம் மேல் ஸ்தாயி. மந்தர பஞ்சமத்தில் தொடங்கி தார பஞ்சமம் வரை அகாரமாக ('ஆ' என்று) ஏறி இறங்குங்கள். கீழே சத்தம் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். மேலே தார காந்தாரத்திலேயே கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். தூங்கி எழுந்தவுடன் குரல் தாழ்ந்திருக்கும் என்பதால், அரை மணி நேரம் பாடிய பிறகு சோதிப்பதுதான் நம்பகமானது.

ஆணும் பெண்ணும் சேர்ந்த கோஷ்டியில் இது பெரிய சிக்கல். சமரசமாக 3 கட்டை வைத்தால் ஆண்களுக்கு மேல் ஸ்தாயி எட்டாது, பெண்களுக்குக் கீழே ஒலி எழாது. இதற்கு ஒரு வழி உண்டு: 5 கட்டையின் மத்திமம், 1 கட்டையின் ஷட்ஜம். பெண்கள் தங்கள் மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடினால் ஆண்களின் 1 கட்டையோடு சேர்ந்துவிடும். அவரவர் ஸ்தாயியில் இருவரும் பாடலாம். மந்தர பஞ்சமத்துக்கும் மத்திய பஞ்சமத்துக்கும் இடையிலேயே சுழலும் நாமாவளிகளுக்கு (இறைவன் பெயர்களைக் கோத்த சிறு பாட்டுகளுக்கு) இது கச்சிதமாகப் பொருந்தும். மத்திம சுருதி என்பது இதுதான். புன்னாகவராளி, நாதநாமக்கிரியா, குறிஞ்சி போன்ற ராகங்களை இப்படிப் பாடுவது பழைய வழக்கம். சுருதிப் பெட்டியை 5 கட்டையிலேயே வைத்து, பஞ்சமத்தை மட்டும் மத்திமமாக மாற்றினால் போதும். மேலே விரியும் கீர்த்தனைகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றை முன்னால் பாடுபவரின் சுருதியில் வைத்து, மற்றவர்கள் பல்லவியை மட்டும் வாங்குவது நல்லது.

தினமும் பத்து நிமிடம் ஒரே ஷட்ஜம்

தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ மெல்லிய ஒலியில் வைத்து, ஒரு மூச்சு முழுவதும் ஷட்ஜத்தைப் பிடியுங்கள். குரல் இம்மி விலகியிருந்தாலும் இரண்டு ஒலிகளுக்கு இடையில் ஓர் அலை துடிப்பது கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேரும் இடத்தில் நின்றுவிடும். ஒரு காதை மூடிக்கொண்டால் முதல் சில வாரங்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். பிறகு பஞ்சமம், மேல் ஷட்ஜம்.

இந்தப் பயிற்சியை ஆர்மோனியத்தோடு மட்டும் செய்யாதீர்கள். அதில் ஒரு ஸ்தாயி 12 சமமான படிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட ஆர்மோனியத்தின் காந்தாரம், ஒரு படியை நூறாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 14 பங்கு உயரம். ஆர்மோனியத்தை மட்டும் கேட்டு வளர்ந்த குரலின் காந்தாரம் தம்புராவுக்கு முன் உட்கார்ந்ததும் உறுத்தும்.

சரளி வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்

பஜனைக்கு வரிசைகள், அதாவது ஸ்வரங்களில் ஏறி இறங்கிப் பழகும் பாடங்கள், எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்வரம் தெரியாத பக்கவாத்தியக்காரர் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். சுருதியை அரைக் கட்டை மாற்றினால் எல்லாம் போய்விடும்.

வரிசைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தை வைத்த மரபை புரந்தரதாசரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தேர்வில் ஒரு வசதி இருக்கிறது: ஸரிகம எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ, பதநிஸ அப்படியே. ஒரு பாதியைப் பிடித்தால் மறு பாதி வந்துவிடும். 1 கட்டையில் இதை வாசிக்க, கட்டைவிரல் ஷட்ஜத்தில், ஆள்காட்டி விரல் அடுத்த கறுப்பில், நடுவிரல் மூன்றாம் வெள்ளையில். பிறகு கட்டைவிரலை உள்ளே நுழைத்து மத்திமத்தில் வைத்தால், மேல் ஷட்ஜம் சுண்டுவிரலுக்கு வரும். கட்டைவிரலை நுழைக்காமல் கையைத் தூக்கி வைப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஓசை அறும். இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) அது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

மூன்று காலங்களிலும் தாளத்தின் அடி மாறக் கூடாது. ஓர் அடிக்கு 1, 2, 4 ஸ்வரம் என்பதுதான் கணக்கு. நிமிடத்துக்கு 60 அடியில் மெட்ரோனோமை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சுருதியிலும் ராகத்தை எடுக்க, ஷட்ஜத்தை 0 என்று வைத்து, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து வரிசையாக எண்ணிப் பழகுங்கள்:

சங்கராபரணம்: 0, 2, 4, 5, 7, 9, 11
மாயாமாளவகௌளை: 0, 1, 4, 5, 7, 8, 11
ஹரிகாம்போதி: 0, 2, 4, 5, 7, 9, 10
கரஹரப்பிரியா: 0, 2, 3, 5, 7, 9, 10
கல்யாணி: 0, 2, 4, 6, 7, 9, 11

ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்து ஐந்து ராகங்களும் எடுக்கலாம். 4½-ஐ ஷட்ஜமாக்கினால் மோகனம், 5½-இல் மத்தியமாவதி, 6½-இல் ஹிந்தோளம், 1½-இல் சுத்த சாவேரி, 2½-இல் சுத்த தன்யாசி. கிரக பேதத்தை (ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறுவதை) இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. விரல் பழக ஒரு மாதத்துக்கு இது போதும்.

தாளமும் ஜால்ராவும்

ஆதி தாளம் 8 அடி: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டு–வீச்சு. ரூபகத்தை நடைமுறையில் தட்டு, தட்டு, வீச்சு என்று 3 அடியாகப் போடுவார்கள். மிச்ர சாபு 3+4, கண்ட சாபு 2+3. மராத்தி அபங்கமும் ஹிந்தி பஜனும் பாடுகிற கோஷ்டியானால் தப்லாக்காரர்கள் சொல்லும் 8 மாத்திரை கெஹர்வாவும் 6 மாத்திரை தாத்ராவும் தெரிந்திருக்க வேண்டும்.

நடையைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். பல நாமாவளிகள் திச்ர நடையில், அதாவது ஓர் அடிக்குள் மூன்றாக ஓடும். அதைத் தெரியாமல் நான்காகத் தட்டினால் பாட்டும் ஜால்ராவும் தனித்தனி வழியில் போகும். முதல் வரியை 'தகிட தகிட' என்றும் 'தகதிமி' என்றும் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். எது உட்காருகிறதோ அதுவே நடை.

ஜால்ராவின் இரண்டு முகங்களையும் தட்டையாக மோதாதீர்கள். நடுவில் காற்று அடைபட்டு 'டப்' என்று செத்த ஒலிதான் வரும். ஒன்றைச் சற்றே சாய்த்து, விளிம்பு கொஞ்சம் விலகிப் படும்படி தட்டினால் நாதம் நீளும். அடியில் திறந்த ஒலி, அரை அடியில் ஒட்டி அமுக்கிய ஒலி. திச்ர நடையானால் ஒரு திறப்பு, இரண்டு அமுக்கம். அனாகத எடுப்புள்ள பாட்டில், அதாவது தாளம் விழுந்து அரை அடி கழித்துத் தொடங்கும் பாட்டில், ஜால்ரா பாட்டோடு நகரக் கூடாது. தாளத்தில்தான் நிற்க வேண்டும்.

உற்சாகத்தில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுவதுதான் பஜனையின் நாள்பட்ட நோய். வேகம் வேண்டுமென்றால் இரட்டியுங்கள்: நாமாவளியை முதல் காலத்தில் நான்கு முறை, பிறகு தாளத்தை மாற்றாமல் இரண்டாம் காலம். நிமிடத்துக்கு 70 அடியில் தொடங்கினால் இரட்டித்த பிறகும் சொல் சிதையாது. 100-இல் தொடங்கினால் இரண்டாம் காலத்தில் பகவானுடைய நாமமே வாயில் குழைந்துபோகும். நாமம் தெளிவாகக் கேட்காத நாமசங்கீர்த்தனத்தில் என்ன இருக்கிறது?

ஆர்மோனியம் துணை நிற்கும் விதம்

துருத்தியை இடக்கையால் முழுக்கத் திறந்து அடிக்க வேண்டாம். காற்று தீருவதற்கு முன்பே சிறு அசைவாக அமுக்கினால் ஒலி ஏறி இறங்காது. சிறிய கூடத்துக்கு இரண்டு ஸ்டாப் (முன்பக்கம் இழுக்கும் குமிழ்) திறந்தால் போதும். தனியாகச் சுருதி ஒலிக்கும் ஸ்டாப்புகள் குறிப்பிட்ட சில கட்டைகளுக்கு மட்டுமே இருக்கும். உங்கள் சுருதி அதில் இல்லையென்றால் தொடாதீர்கள்.

பழைய ஆர்மோனியத்தின் ரீடுகள் (ஒலி தரும் உலோக நாக்குகள்) சுருதிப் பெட்டியோடு ஒட்டாமல் போவது சாதாரணம். ரீடை அங்கேயே திருத்த முடியாது. ஆர்மோனியத்தை ஒலிக்கவிட்டு, பெட்டியின் நுண்சுருதியை அதற்குத் திருப்புங்கள். மிருதங்கமும் அதற்கே சேர வேண்டும். வலந்தலையின் (வலப்பக்கத் தோல்முகத்தின்) விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஈரப்பதத்தில் தோல் தளரும் என்பதால் மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) ஆர்மோனியத்தில் வராது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கியதன் பின்னாலும் இந்தக் குறைதான் பேசப்பட்டது. தோடியின் காந்தாரத்தைக் கட்டையில் நிறுத்திப் பிடித்தால் பாடுபவரின் அசைவோடு மோதும். அப்படிப்பட்ட ராகங்களில் ஷட்ஜ பஞ்சமங்களில் தங்கி, சஞ்சாரத்தின் (ராகத்தின் ஸ்வரப் போக்கின்) முடிவை மட்டும் தொடுங்கள். தாளமின்றிப் பாடும் விருத்தத்திலும் சுலோகத்திலும் முன்னால் பாடுபவர் பாடும்போது ஷட்ஜம், அவர் மூச்சு வாங்கும்போது கடைசிச் சொற்றொடரின் நிழல். அதற்கு மேல் வேண்டாம்.

பாட்டுகளைச் சேர்க்கும் வரிசை

முதலில் இரண்டு வரி நாமாவளிகள். பிறகு சரணங்கள் எல்லாம் ஒரே மெட்டில் வரும் தியாகராஜரின் திவ்யநாம கீர்த்தனைகள். ஒரு சரணத்துக்கு விரல் படிந்தால் மற்றவை தாமாக வரும். அடுத்து ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம். அஷ்டபதியில் பெரும்பாலும் 8 சரணங்கள் என்பதால், சம்ஸ்கிருதச் சொற்களைப் பிரித்துப் படித்த பிறகே மெட்டுக்குப் போங்கள். பஜனையின் தொடக்கத்தில் பாடும் தோடய மங்களத்தைக் கோஷ்டியோடு உட்கார்ந்து காதால்தான் கற்க வேண்டும். பல தாளங்கள் அடுத்தடுத்து வரும். ஏட்டைப் பார்த்து வராது.

மங்களம் வழக்கமாக மத்தியமாவதியில் முடியும்: 0, 2, 5, 7, 10. முடிந்ததும் ஒரு கட்டையை அழுத்தித் துருத்தியில் மிஞ்சிய காற்றை வெளியேற்றி, ஸ்டாப்புகளை மூடிவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.