மாந்தை மண்ணில் கிடைக்கும் எலும்புக்குக் காபன் திகதி எடுப்பது எப்படி?

வன்னியில் மனித எலும்பு வெளிப்பட்டால், அது பழையது என்று பார்வையால் முடிவுகட்டவே கூடாது. தோண்டுவதை நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள். நீதவானின் உத்தரவு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி எல்லாம் கிடைத்த பிறகுதான் மாதிரி. மன்னாரில் 2018இல் வெளிப்பட்ட புதைகுழியின் மாதிரிகளும் நீதிமன்ற அனுமதியோடுதான் 2019இல் அமெரிக்காவுக்குப் போயின.

மன்னாருக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான மாந்தை போன்ற இடைக்கால முற்பகுதிக் குடியிருப்பில் பெரிய எதிரி வெயிலும் மாரியும். மாறிமாறி நனைந்து காயும் எலும்பில் கொலாஜன் என்ற புரதம் கரைந்துபோகும். காபன் திகதி, அதாவது எஞ்சியிருக்கும் காபன்-14ஐ அளந்து கணிக்கும் வயது, கிடைப்பதோ அந்தக் கொலாஜனில்தான். ஆகவே விலா எலும்பை விட்டுவிட்டு, தொடை எலும்பின் நடுத்தண்டில் தடித்த சுவரை 2–3 கிராம் எடுங்கள். பல்லின் வேரும் நல்லது. வெட்டுமுன் படமெடுத்து அளந்துவிடுங்கள். பசை, பஞ்சு எதுவும் படக்கூடாது, அவற்றின் காபனும் கணக்கில் சேர்ந்துவிடும். நிழலில் உலர்த்தி அலுமினியத் தாளில் சுற்றுங்கள்; ஈரத்தோடு பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் சில மில்லிகிராம் தூளில் நைதரசனைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.7 வீதத்துக்குக் கீழே என்றால் மேற்கொண்டு செலவழிப்பது பெரும்பாலும் வீண். தேறினால் ஆய்வுகூடம் ஐதரோகுளோரிக் அமிலத்தால் கனிமத்தையும் காரத்தால் மண்ணின் கரிமக் கறையையும் நீக்கிக் கொலாஜனைப் பிரிக்கும். அறிக்கையில் காபன்–நைதரசன் அணு விகிதம் 2.9 முதல் 3.6க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் திகதியை நம்பாதீர்கள்.

அதிகம் சறுக்குவது சாப்பாட்டில். கடல்நீரில் உள்ள காபன் பழையது. மீனையே நம்பி வாழ்ந்தவரின் எலும்பு சில நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்கக் காபனின் சிதையாத வகையான காபன்-13இன் அளவு மட்டும் போதாது. குரக்கன் சாப்பிட்டவருக்கும் அந்த அளவு உயரும், ஆனால் குரக்கன் திகதியை மாற்றாது. காபன்-13, நைதரசன்-15 இரண்டும் சேர்ந்து உயர்ந்தால்தான் கடலுணவைச் சந்தேகிக்க வேண்டும். அதே குழியில் மான் எலும்போ கருகிய நெல்லோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். மனித எலும்பின் திகதிக்கும் அதன் திகதிக்கும் உள்ள இடைவெளியே எவ்வளவு திருத்த வேண்டும் என்று காட்டிவிடும்.

வரும் எண் 1950இலிருந்து பின்னோக்கிய கணக்கு, நாட்காட்டி ஆண்டு அல்ல. ஒக்ஸ்கால் மென்பொருளில் அளவுதிருத்திய பிறகே கி.பி. ஆண்டு வரும். 1200±30 என்று வந்தால், காபன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு அங்கே தட்டையாக இருப்பதால், விடை பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 9ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நீளும். அதைச் சுருக்க நல்ல வழி, மேலும் கீழும் உள்ள மண் அடுக்குகளிலிருந்து மாதிரிகள் எடுத்து, அடுக்கு வரிசையோடு சேர்த்துக் கணிப்பது.