வேத தியானத்தில் வழிநடத்துதலைத் தேடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது, உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 வந்துவிட்டால் வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். அதற்கு முந்தின வசனம் மட்டும் அட்டையில் அச்சாவதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது அது. ஆறுதலுக்கு அட்டை போதும். வேலை, கல்யாணம், வீடு மாறுவது என்று முடிவெடுக்க ஒற்றை வசனம் போதாது.

ஒரு பகுதியை நிதானமாக வாசிக்கும் பழைய முறை இருக்கிறது. வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதி என்று நான்கு படிகளாக அதை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதிவைத்தார். கத்தோலிக்கப் பங்குகளில் லெக்சியோ டிவைனா என்பது இதுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எந்த ஆலயத்துக்குப் போகிறவராக இருந்தாலும், மெத்தடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கர் யாரும் செய்யலாம்.

தேவை: அச்சிட்ட வேதாகமம், நோட்டு, பேனா, 25 நிமிடம். கைப்பேசி வேண்டாம், இரண்டாவது வசனத்திலேயே குடும்ப வாட்ஸாப் குழுவின் காலை வணக்கம் வந்து நிற்கும். காலையில் பசியாறுவதற்கு முன் நல்லது. சோபாவில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், நாற்காலியே சரி.

1. கேள்வியை எழுதி, பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்
“என் எதிர்காலம் என்ன?” என்பது கேள்வியே இல்லை. “சிங்கப்பூர் வேலைக்கு இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், செந்தூலில் அம்மா தனியாக இருப்பார், போகலாமா?” என்று எழுதுங்கள். பிறகு அதைப் பார்க்காதீர்கள். கேள்வி கண்முன் இருந்தால் எந்த வசனமும் அதற்குப் பதிலாகத் தெரியும். போக ஆசைப்படுகிறவர் ஆதியாகமம் 12இல் ஆபிராம் புறப்படுவதைப் பிடித்துக்கொள்வார். 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கிடம் எகிப்துக்குப் போகாதே என்று சொல்லியிருப்பது அவர் கண்ணில் படாது.

2. பகுதியை நீங்கள் பொறுக்கி எடுக்காதீர்கள்
மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கி வரிசையாகப் போங்கள். ஒரு நாளைக்கு 7 முதல் 12 வசனம். அதற்கு மேல் போனால் படித்து முடிக்கும் அவசரம் வந்துவிடும். இங்கே மாற்கு 10:46-52, குருடன் பர்திமேயுவை எடுத்துக்கொள்வோம்.

3. மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள்
முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை மனம் எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே நிறுத்திக் கோடிடுங்கள். மூன்றாம் தடவை அந்த இடத்தை மட்டும். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்று சிலர் கூச்சப்படுவார்கள். இதற்கு அந்த வேகம்தான் வேண்டும்.

4. தியானம், 10 நிமிடம்
யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பர்திமேயு மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். குருடன் என்று தெரிந்தும் இயேசு, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்” என்று கேட்கிறார். இப்போது 36ஆம் வசனத்துக்கு ஏறிப் பாருங்கள். அதே கேள்வியை யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் கேட்டது வலதுபுறமும் இடதுபுறமும் உட்கார இடம். இவன் கேட்டது பார்வை. அக்கம்பக்கத்து வசனங்களையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

5. ஜெபம், அமைதி
வீட்டில் பேசுகிற தமிழிலேயே மூன்று நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

6. பக்கத்தைத் திருப்புங்கள்
இப்போதுதான் பழைய கேள்வியைப் படிக்க வேண்டும். “போ”, “போகாதே” என்று நேரடியாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் கேள்விதான் மாறும்: சிங்கப்பூரில் நான் தேடுவது நல்ல இடமா, வேறு ஏதாவதா? அதை ஒரு வரியில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். “இன்று இரவு அம்மாவிடம் அவர் விருப்பத்தைக் கேட்பேன்” போல. அண்ணிக்குப் பொருத்தமான வசனம் கிடைத்ததென்று தோன்றினால் அன்றைய தியானம் தடம் மாறிவிட்டது.

7. சோதித்துப் பாருங்கள்
ஒரு நாள் குறிப்பை வைத்து ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்து, திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். மனம் வறண்டு குழம்பிக் கிடக்கும் நாளில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் விதி. இன்றும் அதைவிட உபயோகமான விதி இல்லை. பிறகு போதகரிடமோ பங்கு குருவிடமோ, இந்த முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு பெரியவரிடமோ காட்டுங்கள். சம்பளம், வாடகை, அம்மாவின் மருந்துச் செலவு இவற்றைத் தனியே கணக்குப் போடத்தான் வேண்டும். தியானம் அந்த வேலையைச் செய்யாது.

ஒன்றுமே தோன்றாத நாளில் தேதியையும் பகுதியையும் மட்டும் குறித்துவிட்டு நோட்டை மூடுங்கள். வசனத்தைப் பிழிந்து பதில் எடுக்க வேண்டாம். அடுத்த நாளுக்கு மாற்கு 11:1-11.