கிராபிக்ஸ் டிரைவரைப் பதிவிறக்குமுன் ஒரு சோதனை
கோத்தகிரி போன்ற மலையூர்களில் மழைநாளில் இணையம் தவழும் என்பதால், பல நூறு எம்பி அளவுள்ள கிராபிக்ஸ் டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்குமுன், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் dxdiag எனத் தட்டி, டிஎக்ஸ்டயாக் என்னும் சோதனைக் கருவியைத் திறந்து பார்ப்பது நல்லது. முதல் பக்கத்தில் காணும் ‘டைரக்ட்எக்ஸ் 12’ என்பது, விண்டோஸோடு வந்த ரன்டைமின் (விளையாட்டுக்கும் டிரைவருக்கும் இடையே நிற்கும் மென்பொருளின்) பதிப்பே அன்றி, கார்டின் திறன் அன்று; பலரும் ஏமாறும் இடம் இதுதான். ரன்டைமோடு பேசத் தான் ஆதரிக்கும் இடைமுகப் பதிப்புகளை டிரைவர் பட்டியலிட்டுத் தர, ரன்டைம் தனக்கும் தெரிந்த ஒன்றை அதிலிருந்து தேர்ந்துகொள்வதால், பழைய டிரைவர் புதிய விண்டோஸிலும் பெரும்பாலும் இயங்கும். புதிய வசதிகள்தாம் கிடைக்கமாட்டா. எனவே ‘டிஸ்பிளே’ பக்கத்தில் உள்ள கார்டின் திறன் படிகளைக் காட்டும் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ வரியைப் பாருங்கள். விளையாட்டு 12_0 கேட்க, அங்கே 11_0 வரை மட்டுமே இருந்தால், குறை பெரும்பாலும் கார்டில்தான். புது டிரைவரால் பயனிராது. கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தால் மட்டும் தயங்காமல் இறக்குங்கள்.