வரி கட்டி ஒழித்தோமா? பழைய பாவத்தைப் பேசும்போது வெள்ளையர் சறுக்கும் இடங்கள்

2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதி அமைச்சகம் ட்விட்டரில் ஒரு 'வியப்பான தகவல்' போட்டது: மக்களே, அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியது நீங்கள் கட்டிய வரிதான் என்று. பிறகு அதை அழித்தும் விட்டார்கள். ஏன் என்பது கணக்கைப் புரட்டினால் தெரியும். 1833-ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசு 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு ஒதுக்கியது. அன்றைய ஆண்டுச் செலவில் அது கிட்டத்தட்ட 40 சதவீதம். வாங்கியவர்கள் யார்? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள். அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. அதோடு, அவர்களில் பெரும்பாலோர் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் மாரடிக்க வேண்டியிருந்தது. அந்த நஷ்ட ஈட்டுக்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015-ல். ஆக, அந்தத் தோட்டங்கள் இருந்த பழைய பிரிட்டிஷ் காலனியான ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டியவரும், தன் பூட்டனை விலைக்கு வாங்கியவனுக்குக் கொடுத்த பணத்துக்காக வரி கட்டியிருக்கிறார்.

வெள்ளையர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: அநியாயத்தை விட்டுவிட்டு, அதை நிறுத்திய பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வது.

"என் தாத்தா சுரங்கத் தொழிலாளி, எங்களுக்கு என்ன சலுகை?" என்ற கேள்வி அடுத்தது. தாத்தா பட்ட பாடு உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, அவருடைய தோலைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தவில்லை. சலுகை என்று சொல்வது அதைத்தான். அப்புறம், நஷ்ட ஈடு வாங்கியவர்கள் எல்லோரும் பிரபுக்கள் இல்லை. விதவைகளும் பாதிரியார்களும்கூட அதில் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தொகுத்த பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் வீட்டில் யாருமில்லை என்று அடித்துச் சொல்வதற்கு முன் அதில் ஒரு முறை தேடிப் பார்க்கலாம்.

அழுகை இன்னொரு வகை. அலுவலகப் பயிற்சிக் கூட்டம் ஒன்றில், கறுப்பினத் தோழி ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் விம்ம ஆரம்பித்தார். டிஷ்யூ பெட்டி அவர் பக்கம் போனது, தண்ணீரும் போனது. பேசிக்கொண்டிருந்தவரே எழுந்து போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பாதியில் நின்ற பேச்சை அப்புறம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கறுப்பின நண்பரைப் பிடித்து "நீயே விளக்கிச் சொல்லேன்" என்று கேட்பதையும் விட்டுவிடலாம். நூலகம் திறந்துதான் இருக்கிறது.

மன்னிப்புக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன், 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்ட ஈடு வாங்கியவர். அடிமைகள் போன இடத்தை நிரப்ப 1838-ல் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த கயானாவுக்கு இந்தியக் கூலிகளை வரவழைத்ததில் முன்னோடியும் அவரே. அந்தக் கப்பல் வழியில் பின்னாளில் மதராஸிலிருந்து தமிழர்களும் போனார்கள். 2023 ஆகஸ்டில் அவருடைய வாரிசுகள் கயானாவுக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டார்கள், ஆய்வுக்கு நிதியும் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். கயானா அதிபர் இர்ஃபான் அலியோ, மன்னிப்போடு இழப்பீடும் வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் "அதான் மன்னிப்புக் கேட்டாச்சே" என்று முகம் சுளிப்பவர்கள், பாக்கியைத் தாங்களே கணக்குப் போட்டுத் தாங்களே தள்ளுபடி செய்துகொள்கிறார்கள்.