வியாபாரி நிதியமைச்சர் ஆனால் எதைப் பார்ப்பது? கேத்தி பென்னட்டை வைத்து ஒரு வழிகாட்டி

கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் சிறிய உணவகங்களுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் பிள்ளைகள், தேர்தல் வந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, இவங்க பெரிய பிசினஸ் நடத்தினவங்களாம். நிதியமைச்சரா வந்தா நல்லதுதானே?" ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்வதில்லை. கேத்தி பென்னட்டின் பாதையை முதலில் தேடிப் படியுங்கள் என்பேன். 2015 டிசம்பரிலிருந்து 2017 ஜூலை வரை நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் மாகாணத்தின் நிதியமைச்சராக இருந்தவர் அவர். ஒருவரை எடைபோடப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

"பிசினஸ்" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள், எந்த பிசினஸ் என்று கேளுங்கள். பென்னட் இங்கே பல மெக்டொனால்ட்ஸ் கடைகளை ஃபிரான்சைஸ் எடுத்து நடத்தியவர். ஃபிரான்சைஸ் கடைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் செலவுதான்: ஆட்களின் நேரம், வீணாகும் சரக்கு, மின்சாரக் கட்டணம். பெயரும் பண்டமும் ஏற்கெனவே ஊரறிந்தவை. ஆகவே செலவைக் கறாராகப் பிடிக்கத் தெரிந்தவர் என்று நம்பலாம். வரவு திடீரென்று பாதியானால் என்ன செய்வார் என்பதற்கு அந்த அனுபவம் பதில் சொல்லாது.

அப்புறம், அரசியலுக்குள் எந்த வாசல் வழியாக வந்தார் என்று பாருங்கள். 2013-இல் லிபரல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். வென்றவர் டுவைட் பால். 2014 ஏப்ரலில் வர்ஜீனியா வாட்டர்ஸ் இடைத்தேர்தலில் வெறும் 40 வாக்கில் ஜெயித்தார். அது முன்னாள் பிரீமியர் (மாகாண முதல்வர்) கேத்தி டன்டர்டேல் விட்டுச்சென்ற இடம். தலைமைப் போட்டியில் தன்னைத் தோற்கடித்தவரின் அமைச்சரவையில்தான் பிறகு நிதித்துறையை ஏற்றார். இந்த ஒரு விவரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த சிலவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

அவர் உட்கார்ந்த இயக்குநர் குழுக்களையும் பட்டியல் போடுங்கள். பென்னட் அப்போது மாகாண அரசின் மின் நிறுவனமாக இருந்த நால்கோரின் இயக்குநர் குழுவில் இருந்தவர். மஸ்க்ரட் ஃபால்ஸ் அணைத் திட்டத்தை நடத்தியது நால்கோர். அதன் செலவு, வட்டியோடு சேர்த்து, 2012 இறுதியில் 7.4 பில்லியன் டாலர் என்றார்கள். 2016 ஜூனில் 11.4 பில்லியன் ஆகியிருந்தது. இங்கே உறுப்பினர்களின் சொத்து, கடன் விவர அறிக்கைகள் சட்டமன்ற நெறிமுறை ஆணையரிடம் தாக்கலாகும். பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. கேட்டுப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சாவியை வாங்கிய அன்று பெட்டியில் என்ன இருந்தது என்பது. பலர் இதைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. இந்த மாகாணம் கடலுக்கடியில் கிடைக்கும் எண்ணெயின் ராயல்டியை நம்பி வாழ்ந்தது. உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே இறங்கியது. முந்தைய அரசு 2015-16-க்குச் சொன்ன பற்றாக்குறை 1.1 பில்லியன். பதவியேற்ற சில நாட்களிலேயே பென்னட் அறிவித்தது கிட்டத்தட்ட 2 பில்லியன். ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் மாகாணத்துக்கு இது எவ்வளவு பெரிய பள்ளம் என்று தலைக்கு வகுத்துப் பாருங்கள்.

இனி பட்ஜெட். உரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் வரி மாற்றங்களின் அட்டவணை, அடுத்து துறைவாரி மதிப்பீடுகள், பிறகு உங்கள் வீட்டுக் கணக்கு. 2016 ஏப்ரல் 14 பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் வரி லிட்டருக்கு 16.5 சென்ட் கூடியது. 50 லிட்டர் நிரப்பினால் 8.25 டாலர் கூடுதல். அதன்மேல் 15 சதவீத எச்எஸ்டி (மத்திய, மாகாண அரசுகளின் ஒருங்கிணைந்த விற்பனை வரி) சேர்த்தால் ஏறக்குறைய 9.50. எச்எஸ்டியே 13-லிருந்து 15 ஆனது அந்த ஜூலையில்தான். முந்தைய அரசு திட்டமிட்டிருந்த அந்த உயர்வை ரத்து செய்வோம் என்று வாக்குக் கேட்டு, வந்ததும் ரத்தும் செய்து, சில மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தது லிபரல் கட்சி. இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் 15 சதவீத வரி வந்தது. அதற்கும் மேல் பற்றாக்குறைக் குறைப்பு லெவி என்று வருமானத்தை வைத்து ஒரு தனி வரி: ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டினாலே 300 டாலர். என்னிடம் வந்த சமையல்காரர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் அந்த லெவியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பட்ஜெட் நாளோடு நிறுத்திவிடாமல் அடுத்த ஆறு வாரத்தையும் தொடர்ந்து பாருங்கள். மத்திய அரசு ஒரு பழைய கடனின் தவணைகளைத் தள்ளிவைத்ததும், 50,000 டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு லெவி விலக்கப்பட்டது. மேலே உள்ளவர்களுக்கு 1,800 வரை போனது. தப்பைத் திருத்தினார்கள் என்பதும் உண்மை, முதலிலேயே அப்படி யோசித்திருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதி வையுங்கள்.

கடையையும் அரசையும் ஒப்பிட ஆசை வரும்போது நூலகங்களை நினையுங்கள். அந்த பட்ஜெட்டைத் தொடர்ந்து 95 பொது நூலகங்களில் 54-ஐ மூடுவதாக அறிவிப்பு வந்தது. நஷ்டத்தில் ஓடும் கிளையை முதலாளி மூடலாம், வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவுக்குப் போவார். ஐந்நூறு பேர் வாழும் மீனவ ஊரில் பக்கத்து நூலகம் அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும், குளிர்காலத்தில் அந்தச் சாலையும் நம்ப முடியாது. மக்கள் கொதித்ததும் அது நிறுத்திவைக்கப்பட்டது. புத்தகங்களுக்கு 10 சதவீத மாகாண வரியும் போட்டார்கள், கனடாவில் வேறெந்த மாகாணமும் செய்யாதது. அது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் கொள்கைமேல் வந்த கோபத்தையும், ஒரு பெண் என்பதால் வந்த வசையையும் தனித்தனியாகப் பிரியுங்கள். 2016 டிசம்பரில் பென்னட் செய்தியாளர்களை அழைத்து, இணையத்தில் தன் உடலைப் பற்றியும், தற்கொலை செய்துகொள் என்றும் வந்தவற்றைத் தானே வாசித்துக் காட்டினார். பட்ஜெட்டை நான் எவ்வளவு விமர்சித்தாலும் அந்த அசிங்கத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. 2018-இல், அமைச்சரவைக்குள்ளேயே மிரட்டலையும் ஒதுக்கலையும் அனுபவித்ததாகவும் சொன்னார். ஓர் அமைச்சரின் முடிவுகளை ஆராயும்போது, எந்த அறையில் உட்கார்ந்து அவற்றை எடுத்தார் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

வெளியேறியதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். 2017 ஏப்ரல் பட்ஜெட்டில் பற்றாக்குறை மதிப்பீடு 778 மில்லியனுக்கு இறங்கியிருந்தது. ஜூலை 31 அன்று நிதித்துறையை விட்டார், டாம் ஆஸ்போர்ன் வந்தார். அடுத்த ஆண்டு சட்டமன்ற இடத்தையும் துறந்தார். பிறகு, பெண்கள் நடத்தும் தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்யும் சாண்ட்பைப்பர் வென்ச்சர்ஸ் நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

மதிப்பெண் போடுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. "தற்காலிகம்" என்று சொன்னவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி, எது எப்போது போனது என்று சரிபாருங்கள். பெட்ரோல் வரியில் 2017 ஜூனில் 8.5 சென்ட்டும் டிசம்பரில் 4 சென்ட்டும் குறைந்தன. புத்தக வரி 2018 தொடக்கத்தில் போனது. லெவி 2019 கடைசியோடு முடிந்தது. பட்ஜெட் மதிப்பீட்டுக்கு எதிரே, இலையுதிர்காலத்தில் வரும் பொதுக் கணக்குகளின் (அரசின் இறுதி வரவு செலவு அறிக்கை) உண்மை எண்ணையும் எழுதுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில், இப்போது வாக்குக் கேட்டு வருகிறவருக்கும் இதே கட்டங்களைப் போட்டு நிரப்பலாம்.